கடைசிச் சோடி

டொலறஸ் அக்கா சோடிகளை எண்ணுவதைப் பார்த்தால் கோழிக்குஞ்சு எண்ணுகிற மாதிரி இருக்கும். சுட்டுவிரலை நீட்டி நீட்டி உதட்டுக்குள் முணுமுணுப்பாள். எண்ணி முடிந்ததும் தனக்குத்தானே ஒரு தலையாட்டு. அந்த ஐப்பசிச் சனிக்கிழமையும் லண்டன் பிளேஸ்டோ தேவாலய மண்டபத்தில் அப்படித்தான் எண்ணினாள். பிறகு மைக்கைத் தூரப் பிடித்துக்கொண்டு, வாத்தியக்காரருக்கு மட்டும் கேட்கும்படி, "அஞ்சு" என்றாள்.

ஐந்து சோடி என்றால் மெட்டு ஐந்து தரம். இந்த வேலையில் வயலின்காரி யசோதினி படித்த முதல் பாடம் அது. கேய்லி என்று அயர்லாந்துக்காரரும் ஸ்கொட்லாந்துக்காரரும் சொல்கிற இந்தக் கூட்டாட்டத்தில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிரே ஒரு வரிசை. வாத்தியக்காரருக்குக் கிட்ட நிற்பது தலைச்சோடி. அவர்கள் கைகோத்து நடுவால் இறங்கி, திரும்ப ஏறி, வெளிப்பக்கமாகச் சுற்றி, வரிசையின் அடியில் போய் நிற்பார்கள். அதற்குள் மெட்டு ஒருதரம் முடிந்துவிடும். அடுத்த சோடி தலைக்கு வந்திருக்கும். எத்தனை சோடியோ அத்தனை தரம் வாசித்தால் ஒருவருக்கும் குறையில்லை. ஆட்டம் முடியும்போது எல்லோரும் தொடங்கின இடத்திலேயே நிற்பார்கள்.

டொலறஸ் அக்கா குருநகர்ப் பெண். நேர்ஸாக லண்டனுக்கு வந்து, பற்றிக் என்ற அயர்லாந்துக்காரரைக் கலியாணம் முடித்து, அவருடைய ஆட்களிடமே ஆட்டத்தைப் படித்து, இப்போது அவர்களுக்கே மைக்கில் அடி சொல்லிக்கொடுக்கிறவள். பற்றிக்கிடம் இருந்தது கஞ்சிராவை நாலு மடங்கு பெரிதாக்கின மாதிரி ஒற்றைத் தோல் மேளம். அக்கோடியன் வாசிக்கிற ரங்கராஜன் திருச்சிக்காரர், ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்களைப் பார்க்கிற வேலை. வயலினுக்கு யசோதினி. நின்றுகொண்டு தாடைக்குள் வைத்து வாசிக்க அவளுக்கு ஒருநாளும் வராது. பாடசாலை மேசையொன்றில் கம்பளி விரித்து, சம்மணம் கட்டி, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்வாள். ஆட்களுக்கு அது ஒரு வேடிக்கை. ஜிக் என்கிற துள்ளல் மெட்டு அவளுக்குத் தகிட தகிட, ரீல் என்கிற ஓட்ட மெட்டு அவளுக்குத் தகதிமி. "உந்தக் குழைவை விடடி, ஆக்களுக்குக் கால் சறுக்குது" என்று டொலறஸ் அக்கா பேசாத ஒத்திகை இல்லை.

மண்டபத்தில் மேடை கிடையாது. ஒரு மூலையில் யசோதினியின் மேசை. மறு மூலையில் ரங்கராஜனின் கதிரை. நடுவில் கூரையைத் தாங்குகிற பருத்த இரும்புத் தூண், அதற்கு முன்னால் பற்றிக்கும் மேளமும். அதனால் யசோதினிக்கு எப்போதும் ஆண்களின் வரிசைதான் வடிவாகத் தெரியும். பெண்களின் வரிசை ரங்கராஜனின் பக்கம்.

ஐந்தாம் சுற்று முடிந்தது. டொலறஸ் அக்கா கையை உயர்த்தினாள். கடைசிச் சுரத்தை நீட்டி இழுத்து முடித்தார்கள். கைதட்டல். தலைச்சோடியாகத் தொடங்கின லக்‌ஷன், இல்போர்ட்டிலிருந்து புதுப் பெண்சாதி றஜீனாவோடு வருகிற பொடியன், தன் காலைக் குனிந்து பார்த்தான்.

"அக்கா, நாங்கள் நிண்டது இந்த ரேடியேட்டருக்கு நேரயெல்லோ? இப்ப ஜன்னலுக்கு நேர நிக்கிறம்."

"நீ றஜீனாவைப் பாத்துக்கொண்டு நிண்டனி. ரேடியேட்டரை எங்க பாத்தனி?" என்றாள் டொலறஸ் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

யசோதினி சிரிக்கவில்லை. லக்‌ஷனுக்கு முன்னால், அவளுடைய மேசைக்கு மிகக் கிட்ட, ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. வரிசையே ஒரு ஆள் கீழே தள்ளி நின்றது. யாரோ அடியிலிருந்து படிப்படியாக ஏறிவந்து, இப்போது தலைக்கு நின்று, தன்னுடைய சுற்றுக்குக் காத்துக்கொண்டிருப்பது போல.

அவளுக்கு அந்த இடத்தைத் தெரியும். அந்த இடத்து ஆளையும் தெரியும்.

அவளுடைய புருஷன் ஞானேஸ்வரன் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு ஆட்டம் தவறவிட்டதில்லை. ஈஸ்ட் ஹாமில் காய்கறிக் கடையொன்றின் வான் ஓடுகிற வேலை. வேலை முடிந்த கையோடு வந்து கதிரைகளை அடுக்குவார். கடைசி ஆட்டத்தில் வரிசையின் அடியில் போய்த் தனியே நிற்பார். "சோடி எங்கயண்ணை?" என்று கேட்டால் மேசையைக் காட்டுவார். "அந்தா வாசிக்குது. அது இறங்கி வரும்வரைக்கும் இடம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்." எதிரே ஆள் இல்லாமலே கையை நீட்டுவார், காற்றைப் பிடித்துச் சுற்றுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். தலைக்கு வந்ததும் மேசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அடுத்த சோடிக்கு வழிவிட்டு விலகுவார். ஒரு வயலின் மட்டும் இருக்கிற குழுவில் வயலின்காரி இறங்கி ஆட முடியாது. அது அவருக்கும் தெரியும். போன மார்கழியில் பார்க்கிங் ரோட்டில், சிவப்பு விளக்கில் நிறுத்தின வானிலிருந்து அவர் பிறகு இறங்கவில்லை. மாரடைப்பு.

இந்த முறை அவர் விலகவில்லை. நின்றார்.

அன்றைக்கு ரங்கராஜன்தான் அவளைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். வாசலில் நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்.

"சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராதுங்க. மீதி நாளை உங்களோட இருக்கணும்னு தோணுது. முறையா, கல்யாணம் பண்ணிட்டு. யோசிச்சுச் சொல்லுங்க."

கண்ணாடியில் தூறல் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. "மகளைக் கேக்கவேணும், கோசிகாவை" என்றாள்.

"கேளுங்க. ராஜி போனப்புறம் எனக்குத்தான் கேக்க வேண்டிய ஆள் யாருமில்ல."

ராஜி அவருடைய மனைவி. இறந்து நாலு வருஷமாகிறது. யசோதினி அவளைக் கண்டதில்லை.

காலையில் குசினி முழுக்கப் புட்டு ஆவி. மச்சாள் யோகமலர், ஞானேஸ்வரனின் தமக்கை, நீத்துப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் ஜேர்மனியில் விட்டுப்போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள். தம்பி போன பிறகும் இங்கேதான். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு கடையில் முருங்கைக்காயும் கீரையும் கட்டுக் கட்டுகிற வேலை. விரல் நகங்களுக்குள் எப்போதும் ஒரு பச்சை.

"என்ன, ஆட்டக்காரிக்கு முகம் செத்துக் கிடக்கு?"

"ரங்கராஜன் கேட்டிட்டார், மச்சாள்."

"கேக்கத்தானே வேணும். மனிசன் அரை வருஷமாக் காரை வாசல்ல நிப்பாட்டிப்போட்டு எங்கட குப்பை வாளியைப் பாத்துக்கொண்டிருக்கு. எத்தினை நாளைக்குத்தான் குப்பை வாளியைப் பாக்கிறது?" யோகமலர் சம்பல் சட்டியை இழுத்தாள். "உனக்கு விருப்பமோ?"

"ஓம் எண்டு சொல்ல வாய் வருது. ஆனா இவர் வந்து நிக்கிறார்."

யோகமலரின் கை நின்றது. "ஆர்? ஞானமோ?"

யசோதினி எல்லாவற்றையும் சொன்னாள். ரேடியேட்டர், ஜன்னல், மேசைக்கு முன்னால் இருந்த இடம். யோகமலர் பயப்படவில்லை. கண் கலங்கவுமில்லை. அவளுக்கு வந்தது கோபம்.

"நான் இஞ்ச இருக்கிறன். அவன்ர படத்துக்கு ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி வைக்கிறன். வீட்டை வராமல் உந்தக் கேலிக் கூத்துக்கோ வந்து நிக்கிறான்? சொந்த அக்காவை விட ஆட்டம் பெரிசாப் போச்சோ?"

"மச்சாள், பகிடி விடாதேங்கோ. நான் ஒருத்தருக்கு ஓம் சொல்லப்போற நேரம் பாத்து வந்து நிக்கிறாரெண்டால் அதுக்கு என்ன அர்த்தம்?"

யோகமலர் புட்டை அவளுடைய தட்டில் போட்டாள். "அர்த்தம் எனக்கெப்பிடித் தெரியும்? அவன் ஒருநாளும் உன்னைத் தடுத்தவனில்லை. ஆனா அவன் தனிய நிக்கமாட்டான் யசோ. சின்னனிலயே அப்பிடித்தான். கக்கூசுக்குப் போறதெண்டாலும் அவனுக்கு ஆள் துணை வேணும்."

தனிய நிக்கமாட்டான் என்ற அந்த வார்த்தை யசோதினியின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கார்த்திகை முழுக்க மழை. அவள் தையல் வேலை செய்கிற புடைவைக் கடையின் பின்னறையில், கலியாண வீடுகளுக்கான பிளவுஸ் மலை போல் குவிந்து கிடந்தது. யசோதினி கொக்கி தைத்தாள், கை வெட்டினாள், யாரோ ஒரு பெண்ணின் அளவுக்கு மார்பு பிடித்தாள். ஊசி தன் பாட்டில் ஓடியது. மனம் மட்டும் மண்டபத்து மரத்தரையில் நின்றது. கோசிகாவிடம் சொன்னபோது அவள் அம்மாவைக் கட்டிப்பிடித்து, "He's sweet, அம்மா. But you decide, okay?" என்றாள். தடை சொல்ல வீட்டில் யாருமில்லை. தடை இருந்தது வேறிடத்தில்.

அந்த மாத ஆட்டத்துக்குக் கோசிகாவும் வந்தாள். கடைசி ஆட்டத்தில் லக்‌ஷனின் தம்பியோடு வரிசையில் நின்றாள். மறுபடியும் ஐந்து சோடி.

யசோதினி முதல் சுற்றிலிருந்தே அடியைப் பார்த்துக்கொண்டு வாசித்தாள். வரிசையின் கடைசி ஆணுக்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் தரை. ஆனால் தலைச்சோடி சுற்றிக்கொண்டு அடிக்கு வந்தபோது, லக்‌ஷன் கடைசி ஆளுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. ஒரு ஆளுக்கு இடம் விட்டு, அதற்குக் கீழே போய் நின்றான். யாரும் சொல்லவில்லை. அவன் கால் தானாக விலகியது. பேருந்தில் ஒரு ஆளுக்கு நாம் ஒதுங்குவோமே, பார்க்காமலே, அப்படி.

இரண்டாம் சுற்றில் அந்த இடம் ஒரு படி ஏறியது. மூன்றாம் சுற்றில் இன்னொரு படி. கைகளை உயர்த்தி வளைவு கட்டும்போது அந்த இடத்துக்கு இரு பக்கத்திலும் நின்றவர்கள் முழங்கையை ஒடுக்கிக்கொண்டார்கள். தகிட தகிட என்று அவள் விரல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கை வேர்த்து வில் வழுக்கியது. ஒவ்வொரு முறை மெட்டு முடியும்போதும் நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். நிறுத்தினால் மிச்சச் சோடிகளுக்குச் சுற்று இல்லாமல் போகும். மெட்டு ஒவ்வொன்றும் அவரை ஒரு படி கிட்டக் கொண்டுவந்தது. கொண்டுவருகிறவள் அவள்தான்.

ஐந்தாவது முடிந்தபோது அந்த வெறுமை அவளுடைய முழங்காலுக்கு நேரே நின்றது. டொலறஸ் அக்கா கையை உயர்த்தினாள். மண்டபம் கைதட்டியது. ஜன்னல்களில் மூச்சு படிந்து வெள்ளையாக இருந்தது.

தேநீர் நேரத்தில் ஆட்கள் பற்றிஸ், ரோல்ஸ் என்று பலகாரங்களை எடுத்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார்கள். மேசைக்கு முன்னால் இருந்த அந்தத் தரையில் ஒருவரும் காலை வைக்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளை ஓடிவந்து, அதன் விளிம்பில் சறுக்கி நின்று, "Sorry" என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது.

கோசிகா மூச்சு வாங்க வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, நான் சுத்தி வரேக்க கையை நீட்டினனான். ஆரோ பிடிச்சினம். நான் ஆரெண்டு பாக்கேல்லை, just took it. பேந்து பாத்தா அதில ஆக்களே இல்லை." அவள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சொரசொரவெண்டு, அம்மா. வெங்காய மூட்டை தூக்கிற கை மாதிரி. குளிர்."

யசோதினி மகளின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். 

வீட்டுக்குப் போகிற வழியில் ரங்கராஜன் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாக இருமல் மருந்து விளம்பரத்துக்கே ஒரு கதை சொல்கிற மனிதர். வாசலில் நிறுத்தியதும் சொன்னார்: "போன மாசம் நான் கேட்டேன் பாருங்க. அதை மறந்துடுங்க, யசோதினி. தப்பா நினைக்காதீங்க."

"ஏன்? நான் ஏதும்..."

"நீங்க ஒண்ணும் பண்ணல. என்னால இப்ப முடியல. அவ்வளவுதான்."

கார் போன பிறகும் அவள் மழையில் நின்றாள். அவளுக்கு விளங்கியது, அல்லது விளங்கியதாக அவள் நினைத்தாள். ஞானேஸ்வரன் இந்த மனிதரையும் பயப்படுத்தியிருக்கிறார். இனி அவர் ஒவ்வொரு மாதமும் வருவார். தலைக்கு வந்து நின்று அவள் இறங்கும்வரைக்கும் காத்திருப்பார்.

அடுத்த ஒத்திகை டொலறஸ் அக்காவின் குசினியில். ரங்கராஜன் வேலை என்று சொல்லி வரவில்லை. அடுப்பில் மீன் குழம்பு, பற்றிக் அதற்குப் பக்கத்தில் மேளத் தோலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். யசோதினி சொல்லி முடிக்கும்வரை டொலறஸ் அக்கா ஒரு வெங்காயத்தையே அரிந்துகொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியுமடி" என்றாள் கடைசியில். "ரண்டு மாசமா எண்ணேக்க அஞ்சு, ஆடேக்க ஆறு. நான் கால்களைத்தான் பாக்கிறனான், முகத்தைப் பாக்கிறேல்லை. கால் எல்லாம் இடம் விட்டுத்தான் வைக்குது. கிழடு வந்திட்டுதெண்டு நினைச்சன். இவரிட்டச் சொல்லப் பயம், கண் டொக்டரிட்டக் கொண்டுபோயிடுவார்."

பற்றிக்குக்கு விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. துணியைப் பிழிந்து வைத்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். டொலறஸ் அக்கா தமிழில் சொன்னாள்:

"தலைக்கு வந்த சோடிக்கு வாசிக்காமல் விடக்கூடாதாம். அவைக்கு ஒரு சுத்து குடுத்தால்தான் வீட்டை போவினமாம். இவற்ர தகப்பனாக்கள் அப்பிடித்தானாம் செய்யிறவை, ஆக்கள் தெரிஞ்சாலும் தெரியாட்டிலும்."

"அவர் தனியவெல்லோ அக்கா நிக்கிறார்? சோடி இல்லாமல் எப்பிடி நடுவால இறங்குவார்? நான் போய் எதிர நிண்டால்தானே?"

பற்றிக் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். விரலை ஆட்டினார். "No, தங்கச்சி. கை பிடிக்க வேண்டாம்." அவருக்குத் தெரிந்த அரைத் தமிழில் திரும்பவும் சொன்னார். "கை, வேண்டாம். You'd be at the bottom of the line with him."

டொலறஸ் அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "சோடியா நிண்டு கையைப் பிடிச்சால் நீயும் அவரோடயே போயிடுவியாம். பிள்ளை படிக்கிறாளடி. விசர் வேலை பாத்துப்போடாத."

ஆனால் யசோதினி முடிவெடுத்துவிட்டாள். எத்தனை வருஷம் அந்த மனிதர் காற்றைப் பிடித்துச் சுற்றினார்! ஊரே சிரித்தது, அவளும் மேசையிலிருந்து சிரித்தாள். ஒரு சுற்று, ஒரேயொரு சுற்று இறங்கி ஆடிக் கொடுத்தால் என்ன? அதற்குப் பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும். இறங்காமல் இன்னொருவரின் கையைப் பிடிக்க அவளால் ஏலாது. ரங்கராஜன் தன் கேள்வியை எடுத்துக்கொண்டு போய்விட்டாலும், அவள் மனதுக்குள் சொல்லி வைத்திருந்த பதில் இன்னும் போகவில்லை.

மார்கழியில் ஞாயிறு மத்தியானம் ஆட்டம் வைத்தார்கள். மூன்றரை மணிக்கே வெளிச்சம் வடிந்து, மண்டபத்துக் குழல்விளக்குகள் நீலமாக எரிந்தன. யோகமலர் இந்த முறை தானும் வருவேன் என்று நின்றாள். கடைக் கோட்டைக் கழற்றாமலே தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டாள். "வந்தானெண்டால் காதைப் பிடிச்சு முறுக்குவன்" என்றாள். 

ரங்கராஜன் நேரம் பிந்தி வந்தார். சவரம் செய்யாத முகம். யாரையும் பார்க்காமல் கதிரையை வழக்கத்தைவிட இன்னும் மூலைக்குத் தள்ளிப் போட்டு, அக்கோடியனை மாட்டிக்கொண்டார்.

கடைசி ஆட்டம். டொலறஸ் அக்கா எண்ணினாள். கோசிகாவோடு சேர்த்து ஆறு சோடி. "ஆறு" என்றாள். பிறகு யசோதினியைப் பார்த்து இன்னொரு விரலையும் உயர்த்தினாள். ஏழு.

அன்றைக்கு யாருமே வரிசையின் அடியை மறைக்கவில்லை. முதற் சுற்றிலேயே அந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. படிப்படியாக ஏறியது. அது ஏற ஏற மண்டபத்தின் பேச்சுச் சத்தம் குறைந்தது. வழக்கமாக ஆட்டத்தின் நடுவில் ஓலமிடுகிற பொடியன்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். கால் வைக்கிற ஓசையும் மெட்டும் மட்டும். ஒருமுறை யசோதினி காது கொடுத்துக் கேட்டாள். ஆறு சோடிக் கால் தரையில் விழும் சத்தம் இது இல்லை. கூட இருந்தது.

ஆறாம் சுற்று முடிந்தது. வெறுமை தலைக்கு வந்து நின்றது. டொலறஸ் அக்கா கையை உயர்த்தவில்லை.

யசோதினி வில்லை எடுத்துவிட்டாள். வயலினைக் கம்பளியில் வைத்தாள். அக்கோடியன் மட்டும் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு இரைந்தது. பற்றிக்கின் மேளம் மெல்லமாகத் துடித்தது. மேசையிலிருந்து இறங்கியபோது மரத்துப்போன கால் தரையை உணரவில்லை. அவள் தூணைக் கடந்து பெண்களின் வரிசைப் பக்கம் நடந்தாள், அவருக்கு எதிரே நிற்பதற்கு. முகத்தில் குளிர் அடித்தது. ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி.

"அம்மா?" என்றாள் கோசிகா, வரிசையிலிருந்து.

"அங்க போகாதீங்க."

ரங்கராஜனின் குரல். அக்கோடியனை இழுத்தபடியே சொன்னார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் அவர் துடைக்கவில்லை.

"விடுங்கோ. அவருக்குச் சோடி இல்லை" என்றாள் யசோதினி. "எனக்காகத்தான் நிக்கிறார்."

"யாருக்கு?"

"இவருக்கு. ஞானேஸ்வரனுக்கு. ஆம்பிளையள்ற வரிசையில, தலையில. உங்களுக்குத் தெரியேல்லையோ? இவருக்குப் பயந்துதானே நீங்கள்..."

ரங்கராஜன் அவளையே பார்த்தார். "நான் அவரைப் பாக்கவே இல்லங்க. என் பக்கம் பொம்பளைங்க வரிசைதான் தெரியும். நான் பாத்தது ராஜியை." சுரம் ஒரு கணம் தடுமாறித் திரும்ப நிமிர்ந்தது. "ஒரே ஒரு தடவை இங்க ஆட வந்தா, தூண் மறைச்சதுல நீங்க பாத்திருக்க மாட்டீங்க. தலைக்கு வர்றதுக்குள்ள வெக்கப்பட்டு ஓடிட்டா. போன மாசத்துல இருந்து அந்த இடத்துல வந்து நிக்கறா. உங்களைக் கேட்டதுக்குக் கோபம்னு நினைச்சேன். இப்ப நீங்க காலை வைக்கப்போறது அவ நிக்கற இடம்."

யசோதினி அப்போதுதான், இத்தனை மாதத்தில் முதல் முறையாக, இரண்டு வரிசைகளையும் ஒன்றாகப் பார்த்தாள். ஆண்கள் பக்கம் ஒரு ஆளுக்கு இடம். அதற்கு நேர் எதிரே, பெண்கள் பக்கம், ஒரு ஆளுக்கு இடம். இன்னும் அரை அடி வைத்திருந்தால் அவள் ஒருத்தியின் காலை மிதித்திருப்பாள்.

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை. சுருக்கென்று ஒரு பொறாமை. ஆரடி நீ, என்று கேட்கத் தோன்றியது. என்ர மனிசனுக்கு எதிர வந்து நிக்கிறாய்? பிறகு அது கரைந்தது. தனிய நிக்கமாட்டான் என்று மச்சாள் சொன்ன ஆள் தனியே நிற்கவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அந்த வெறுந்தரையைப் பார்த்துச் சொல்லி, ஒதுங்கி, திரும்ப வந்து மேசையில் ஏறினாள். வில்லை எடுத்தாள்.

அந்தச் சுற்றை அவளால் பிறகு ஒருநாளும் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. வயலினும் அக்கோடியனும் சேர்ந்து ஏறியது நினைவிருக்கிறது. இரண்டு வரிசையும் கைதட்டியது நினைவிருக்கிறது. நடுவால் ஒன்றும் போகவில்லை. ஆனால் ஆறு சோடியின் தலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின, மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே, ஒரு வேகத்தில், ஒரு துள்ளலில். தலைக்கு வந்ததும் ஆண்களுக்கு வெளியே ஒரு காற்று, பெண்களுக்கு வெளியே ஒரு காற்று. றஜீனாவின் பின்னல் அசைந்தது. வரிசையின் அடியில் இரண்டும் சேர்ந்தன. அங்கே நின்ற கோசிகாவும் அவளுடைய சோடியும், ஒன்றும் பேசாமல், கைகளை உயர்த்தி வளைவு கட்டிக் கொடுத்தார்கள்.

டொலறஸ் அக்கா கையை உயர்த்தினாள். "உங்கட சோடிக்கு நன்றி சொல்லுங்கோ" என்று மைக்கில் தமிழில் சொன்னாள். ஆங்கிலத்தில் சொல்ல மறந்துபோனாள். ஆனாலும் எல்லோரும் குனிந்தார்கள்.

நிமிர்ந்தபோது லக்‌ஷன் ரேடியேட்டருக்கு நேரே நின்றான். சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து மேசைக்கு முன்னால் இருந்த தரையில் சறுக்கி விளையாடத் தொடங்கின.

பற்றிக் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார், கடைசிச் சுற்றில் மாற்றி வாசித்தீர்களே, அந்த மெட்டு எங்கே பிடித்தீர்கள், இந்த வயதுக்கு நான் கேட்டதேயில்லையே என்று.

யசோதினி ரங்கராஜனைப் பார்த்தாள். "மாத்தினனீங்களோ?"

"நானா? நீங்க மாத்துனீங்க. நான் உங்க பின்னாலதான வந்தேன்."

"நான் உங்களுக்குப் பின்னால வந்தனான்."

 அவள் விரலைத் தந்தியில் வைத்து முதல் அடியைத் தேடிப் பார்த்தாள். வரவில்லை. வந்தது பழைய மெட்டுத்தான்.

யோகமலர் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தாள். தேநீர் சாசரில் கொட்டியிருந்தது. ஒரு கோப்பையை யசோதினியிடமும் மற்றதை ரங்கராஜனிடமும் நீட்டினாள். கண் மண்டபத்தின் கதவிலேயே இருந்தது.

"என்னைத் திரும்பியும் பாக்கேல்லை, அறுவான்" என்றாள். "சிரிச்சுக்கொண்டு போறான். அவனோட கையைப் பிடிச்சுக்கொண்டு போனாளே ஒருத்தி, மூக்குத்தி போட்ட வடிவான பிள்ளை. ஆரடி அது?"

ரங்கராஜன் வாங்கின கோப்பையைக் குடிக்காமலே தரையில் வைத்தார். ராஜியின் மூக்குத்தியைப் பற்றி அவர் இங்கே ஒருவரிடமும் சொன்னதில்லை. அக்கோடியனின் தோல் வாரைத் தோளிலிருந்து இறக்கினார். பிறகு மிக மெதுவாகக் கேட்டார்.

"மறந்துடுங்கன்னு ஒண்ணு சொன்னேனே. அதை மறந்துட்டீங்களா?"

யசோதினி தேநீரை ஒரு மிடறு குடித்தாள். சூடு நெஞ்சுக்குள் இறங்கும்வரை காத்திருந்தாள்.

"அவையள் ரண்டு பேரும் எங்களைக் கேக்காமலே சோடி சேந்திட்டினம்" என்றாள். "நாங்கள்தான் பிந்திப்போனம்."